சாயங்காலம் கைக்கு வரும் பொருள்

காந்திமதி சுவரைப் பார்த்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் கணவர் ரகுபதி பின்னால் நாற்காலியில் இருந்தார், மடியில் தாளும் கையில் பேனாவுமாக. பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார் அவர். வாசலில் அவள் தம்பி கோதண்டம் சைக்கிளை விட்டு இறங்காமலே ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றான்.

மூன்று மணிக்குச் சுங்குவார்சத்திரத்தில் வாலிபால் இறுதி ஆட்டம். கோதண்டம் ஆடும் பிள்ளைப்பாக்கத்துக்கும் தண்டலத்துக்கும். எண்பத்து நாலாம் வருஷப் பொங்கல் அது.

வெறும் கோப்பை என்றால் இத்தனை பதற்றம் இருந்திருக்காது. மெட்ராஸிலிருந்து தொழிற்சாலை அதிகாரி ஒருவர் வருகிறார், ஜெயிக்கிற அணியில் ஒருவனைக் கம்பெனி அணிக்கு எடுத்து வேலையும் தரப்போகிறார் என்று ஊரெல்லாம் பேச்சு. ஐடிஐ முடித்து மூன்று வருஷமாகக் கோதண்டம் வீட்டில் இருந்தான்.

மூர் மார்க்கெட்டில் வாங்கிய பழைய இங்கிலீஷ் பத்திரிகை ஒன்றில்தான் ரகுபதி அந்த வித்தையைப் படித்தார். தூரத்தில் இருப்பதை, இன்னும் நடக்காததைக்கூட, மனசால் பார்ப்பது.

யார் ஜெயிப்பார்கள் என்று நேராகக் கேட்டால் ஆசை குறுக்கே வந்துவிடுமாம். அதனால் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் அவர் புதிதாக இரண்டு பொருள்களைத் துணியில் கட்டிப் பெட்டியில் பூட்டி வைப்பார். ஒன்று வெற்றிக்கு, ஒன்று தோல்விக்கு. உள்ளே என்ன இருக்கிறது என்பது காந்திமதிக்குத் தெரியாது.

ஆட்டம் முடிந்த சாயங்காலம், முடிவுக்குரிய பொருளை அவள் கையில் வைப்பார். கைக்கு வரப்போகும் அந்தப் பொருள் எப்படி இருக்கும் என்று அவள் காலையிலேயே சொல்லிவிட வேண்டும்.

முதல் ஆட்டத்தன்று பல்லுப் பல்லாகத் தெரிகிறது என்றாள். வெற்றிக்கு அவர் வைத்திருந்தது சீப்பு.

இதுவரை நான்கு ஆட்டம். நான்கும் சரி. அதில் ஒன்று, லீக் சுற்றில், தோல்வி. தோல்வி என்று காலையிலேயே கேள்விப்பட்ட கோதண்டம் அன்றைக்குப் பந்தைத் தொடவே கூசி நின்றான்.

இப்போது காந்திமதியின் மூக்கு லேசாக விடைத்தது.

"வாசனையா கீது. வழவழன்னு கீது. கெட்டியா புடிச்சா வழுக்கிக்கினு பூடும் போல."

ரகுபதி எழுதினார். எழுதியதை இரண்டு முறை படித்தார். பிறகு எழுந்து வாசலுக்குப் போனார்.

"ஜெயம்தான்டா. ஏறி மிதி."

தெருமுனை திரும்பும்வரை கோதண்டத்தின் சைக்கிள் மணி ஓயவில்லை.

மைதானத்தில் நிற்க இடமில்லை. லாரிகளைச் சாலையோரம் நிறுத்திவிட்டு டிரைவர்கள் கூரைமேல் ஏறிக்கொண்டார்கள். அதிகாரி வெள்ளைச் சட்டையில், மேஜைக்குப் பின்னால்.

முதல் இரண்டு செட்டும் போயின.

பிள்ளைப்பாக்கத்துக்காரர்கள் தலையில் கை வைத்தார்கள். கோதண்டம் மட்டும் சிரித்துக்கொண்டிருந்தான். தண்டலத்து ஆட்கள் அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பார்த்துக் குழம்பினார்கள். மூன்றாவது செட் பிள்ளைப்பாக்கத்துக்கு வந்தது. நான்காவதும் வந்தது.

ஐந்தாவதில் தண்டலம் பதினாலு, பிள்ளைப்பாக்கம் பதினொன்று. தண்டலம் ஜெயிக்க இன்னும் ஒரே புள்ளி.

ரகுபதியால் பார்க்க முடியவில்லை. கூட்டத்தை விட்டு வெளியே வந்து மைதானத்துக்கு முதுகைக் காட்டி நின்றார். சர்வீஸ் கோதண்டத்திடம் வந்துவிட்டது என்று கூரைமேல் இருந்த ஒரு டிரைவர் கத்திச் சொன்னார்.

பந்தில் கை படும் சத்தம். இரைச்சல். பன்னிரண்டு.

மறுபடி சத்தம். பதின்மூன்று. பதினாலு. பதினைந்து. பதினாறு.

மைதானமே எழும்பியது. ரகுபதி திரும்பியபோது கோதண்டம் ஆட்களின் தோள்மேல் இருந்தான். அதிகாரி அண்ணாந்து பார்த்து அவன் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தார்.

ரகுபதி புழுதியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். சந்தோஷம் தாங்கவில்லை வாத்தியாருக்கு என்று யாரோ தண்ணீர் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்தபோது வெயில் இறங்கியிருந்தது. சேதி அவருக்கு முன்பே வந்துவிட்டிருந்தது. காந்திமதி முகமெல்லாம் சிரிப்பாக, கண்ணை மூடி, உள்ளங்கையை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

அவர் பெட்டியைத் திறந்தார்.

ஒரு துணியில் இரும்புப் பூட்டு. இன்னொன்றில் சந்தன சோப்பு.

வெற்றிக்கு அவர் வைத்தது பூட்டு. தோற்றுப்போனால் இவள் அழுவாள், கையில் நல்லதாக ஒன்று இருக்கட்டும் என்று சோப்பைத் தோல்விக்கு வைத்திருந்தார். காலையில் அவள் வாசனையைச் சொன்னபோதே தோல்வி என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கோதண்டம் மறுபடி கூசி நின்றுவிடக் கூடாது என்றுதான் வாசலுக்குப் போய் ஜெயம் என்று சொன்னார்.

இப்போது முறைப்படி பூட்டைக் கொடுக்க வேண்டும். கொடுத்தால், அவள் காலையில் பார்த்தது தோல்வி என்பதும் அவர் சொன்னது பொய் என்பதும் அவளுக்குத் தெரிந்துவிடும். இன்றைக்கு அவள் சிரிப்பது போல அவர் பார்த்ததே இல்லை.

நீட்டிய கையில் சோப்பை வைத்தார்.

காந்திமதி முகர்ந்து பார்த்தாள். விரல்களால் தடவிப் பார்த்தாள். இதைத்தானே நானும் பார்த்தேன், அப்படியே இதைத்தானே என்றாள்.

ரகுபதி பெட்டியை மூடப்போய் அப்படியே நின்றார். யார் ஜெயிப்பார்கள் என்றா அவளிடம் கேட்டோம்? சாயங்காலம் உன் கைக்கு என்ன வரும் என்றுதான் கேட்டோம்.

ஐந்தும் சரி.

தெருவில் மேளச் சத்தம் கேட்டது. கோதண்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். காந்திமதி சோப்பைக் கையில் இறுக்கிப் பிடித்தபடியே தம்பியைப் பார்க்க ஓடினாள்.