கடல் காட்ட வந்தவர்கள்

"யாரும் அதைக் கண்ணுல மாட்டாதீங்க! மாட்டினா மயக்கம் வரும்!"

திருக்காட்டுப்பள்ளி சமுதாயக் கூடத்தின் கடைசி வரிசையிலிருந்து எழுந்த குரலில், முன்னால் நகரப்போன பெண்கள் அப்படியே நின்றுவிட்டார்கள். குரலுக்குச் சொந்தக்காரர் தோளில் பச்சைத் துண்டு போட்டிருந்தார். அம்சவல்லி அவரை முன்பின் பார்த்ததில்லை. பக்கத்து ஊர் விவசாயச் சங்கத்து ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் மகளிர் குழுத் தலைவியாகி மூன்று மாதம்தான் ஆகிறது. கண்ணாடியை மாட்டினால் கடலுக்குள்ளேயே இருப்பது போலத் தெரியுமாம் என்று வீடு வீடாகச் சொல்லி, நடவுக்குப் போனவர்களைக்கூட அரை நாளோடு கரையேற்றிக் கூட்டி வந்தவள் அவள்தான்.

மேசையில் கறுப்பாக, பெட்டி மாதிரி ஆறு கண்ணாடிகள் இருந்தன. கொண்டுவந்திருந்த மாதங்கி, கடலைப் பற்றிப் படித்துவிட்டு அதையே ஊர் ஊராகச் சொல்லிக்கொடுக்கும் சின்னப் பெண். "ஒண்ணும் ஆகாதுங்கய்யா. உள்ள படம் ஓடும், அவ்வளவுதான். ஆத்துத் தண்ணி கடல்ல போய் என்ன பண்ணுதுன்னு காட்டறோம்" என்றாள்.

"என்ன பண்ணும்? வீணாப் போகும்! போன ஆடியில கொள்ளிடத்துல கரை ததும்பப் போச்சே, அவ்வளவும் கடலுக்குத்தானே? இங்க கடைமடைக்காரன் காயறான். அந்தக் கொடுமையைக் கண்ணாடி போட்டு வேற பாக்கணுமாக்கும்?"

கூடம் முழுக்க ஆமாம் போட்டது. அவர் சொன்னதிலும் பொய்யில்லையே. இரண்டு மூன்று பேர் எழுந்து செருப்பைத் தேடினார்கள். மாதங்கி தலையைக் குனிந்துகொண்டாள்.

அம்சவல்லி நாலு பேர் நடுவில் வாய் திறந்தவள் இல்லை. குழுக் கூட்டத்தில்கூடக் கையெழுத்தைப் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவாள். குவைத்திலிருந்து புருஷன் போன் பண்ணினாலும் 'ம்' கொட்டுவதோடு சரி. ஆனால் அந்தப் பெண்ணின் குனிந்த தலையைப் பார்த்ததும் அவளுக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்துவிட்டது.

"செத்த நில்லுங்க!" என்று எழுந்தாள். தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகம். "ஏங்க, நீங்க அதை மாட்டிப் பாத்தீங்களா?"

"நான் ஏன் பாக்கணும்?"

"பாக்காமலே மயக்கம் வரும்னு எப்படிச் சொல்றீங்க? நான் மாட்டறேன். மயங்கி விழுந்தா எல்லாரும் கிளம்புங்க. விழலேன்னா, நீங்க வாயை மூடிக்கிட்டு உக்காருங்க!"

கூடம் கொல்லென்று சிரித்தது. அம்சவல்லி விடுவிடுவென்று போய் ஒரு கண்ணாடியை எடுத்து மாட்டினாள். அது மூக்கில் சரிந்தது.

"பின்னாடி பட்டையை இறுக்குங்க" என்று துண்டுக்காரர் சலித்துக்கொண்டார். "கீழ விழுந்து உடைஞ்சா ஊருக்குத்தான் பழி."

இறுக்கினாள். கூடம் காணாமல் போயிற்று.

செம்மண் நிறத் தண்ணீருக்குள் அவள் நின்றிருந்தாள். திரும்பிய பக்கமெல்லாம் அலையாத்தி மரங்களின் வேர்கள். வேர்களுக்கு நடுவே குருணை அளவு இறால் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகத் துள்ளின. ஆற்று நீரும் கடல் நீரும் கலக்கும் இடத்தில்தான் இவை வளர்கின்றன என்றது காதில் ஒரு குரல். ஆற்று நீர் வந்து எதிர்த்துத் தள்ளாவிட்டால், உப்பு நீர் மண்ணுக்கடியில் ஊருக்குள் ஏறும் என்றது.

அம்சவல்லி பிறந்தது முத்துப்பேட்டைப் பக்கம். கல்கண்டாக இருந்த அவர்கள் வீட்டுப் போர் தண்ணீர் பத்தே வருஷத்தில் கரித்துப்போனது. பயிர் கருகி, அண்ணன் துபாய்க்கு விமானம் ஏறினான். யார் கண் பட்டதோ என்று அம்மா இன்றுவரை புலம்புகிறாள்.

கண்ணாடியைக் கழற்றியபோது அவள் கன்னம் ஈரமாக இருந்தது.

"என்ன, மயக்கமா?" என்றார் துண்டுக்காரர்.

"மயக்கம் இல்லைங்க, வெக்கமா இருக்கு. நானும் வீணாப் போகுதுன்னுதான் இத்தனை நாளா சொல்லிக்கிட்டிருந்தேன். கடைமடைக்கும் வேணும், கடலுக்கும் கொஞ்சம் வேணுங்க. எங்க அண்ணன் வயலுக்குக் காவலாப் போற தண்ணி அது!"

அவ்வளவுதான். செருப்பைத் தேடியவர்கள் செருப்பை விட்டுவிட்டு ஓடிவந்தார்கள். வரிசையில் தள்ளுமுள்ளு. ரெங்கம்மாள் மீனைப் பிடிக்கக் கை நீட்டிப் பக்கத்திலிருந்தவள் கொண்டையைப் பிடித்தாள். ஜெகபர் அலி சுறாவைக் கண்டு நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

துண்டுக்காரரையும் யாரும் விடவில்லை. இழுத்து வந்து உட்காரவைத்தார்கள். அம்சவல்லியே அவருக்குக் கண்ணாடியை மாட்டி, காது சிவக்கப் பட்டையை இறுக்கினாள். படம் முடிந்ததும் அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "ஒத்துக்கறேன் தாயே, ஆளை விடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே நழுவியவர், அப்புறம் கண்ணில் படவில்லை.

நாலு மணிக்குக் கூட்டம் கலைந்தது. அம்சவல்லி வீட்டுக்கு ஓடி, கொல்லையில் பழுத்திருந்த பூவன் தாரில் ஒரு சீப்பை அறுத்துக்கொண்டு திரும்பினாள். ஊருக்கு நல்லது சொல்ல வந்த பெண், ஒரு முரடனிடம் பேச்சு வாங்கிக்கொண்டு வெறுங்கையோடு போகக் கூடாது.

நல்லவேளை, வேன் இன்னும் கிளம்பவில்லை. பின்கதவருகே மாதங்கி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். அம்சவல்லி கூப்பிட வாயெடுப்பதற்குள், முன்னால் ஸ்டியரிங் பக்கமிருந்து, கூடத்தில் அவளோடு மல்லுக்கு நின்ற அதே குரல் கேட்டது.

"மேடம், நாளைக்குப் பூதலூர்ல சண்டை போட வேற டிரைவரைப் பாத்துக்குங்க!"