எழுபத்தெட்டாம் வருஷத்துப் பாட்டு

மூன்றாவது இடத்தைச் சொல்லிவிட்டார்கள்.

சகாயமேரி ரேடியோப் பெட்டியில் காதை ஒட்டவைத்தபடியே சிலேட்டில் 1981 என்று எழுதித் திருப்பிக் காட்டினாள்.

எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்த அவள் புருஷன் பிலவேந்திரன் தலையை ஆட்டினார். அது அவருடைய பாட்டு இல்லை. பரவாயில்லை, மேலே இன்னும் இரண்டு இடம் இருந்தது.

கடலுக்கு அப்பாலிருந்து தமிழில் பேசுகிற நிலையம் அது. பல நாட்டுக்காரர்கள் கூடிப் பாடும் ஒரு போட்டியில் வருஷா வருஷம் ஜெயித்த பாட்டை ஒலிபரப்புவார்கள். இந்த வருஷம் நேயர்களிடமே கேட்டுவிட்டார்கள். இதுவரை ஜெயித்தவற்றில் உங்களுக்குப் பிடித்தது எது? கார்டில் எழுதிப் போடுங்கள். அதிக ஓட்டு வாங்கியதை முழுசாக இன்னொரு தரம் போடுகிறோம்.

பாட்டின் பெயர்கள் கடத்தூரில் யார் வாயிலும் நுழையவில்லை. வருஷம்தான் பெயர். பிலவேந்திரனுடையது எழுபத்தெட்டு.

அவர் காதில் கடைசியாக விழுந்த பாட்டு அது.

மறு வாரம் காசத்துக்கு ஊசி போட ஆரம்பித்தார்கள். தொண்ணூறு ஊசி. இருமல் நின்றது. காதும் நின்றது.

அதன் பிறகும் வாரம் தவறாமல் நிலையத்துக்குக் கடிதம் போனது. சகாயமேரி கேட்டுச் சொல்வாள், அவர் எழுதுவார். தேதி, நேரம், ஒலி எத்தனை தெளிவு, எந்த நிகழ்ச்சி எப்படி என்று ஒன்று விடமாட்டார். 'எங்கள் நெடுநாள் நேயர்' என்று அங்கிருந்து பெயர் வாசிப்பார்கள். அதையும் அவள்தான் கேட்டுச் சொல்லவேண்டும்.

எழுபத்தெட்டை மட்டும் அவள் கேட்டதில்லை. அன்றைக்கு அவர் வாசலில் நின்று கூவிக் கூப்பிட்டபோது அவள் குழாயடியில் குடத்தோடு நின்றிருந்தாள். வந்து சேர்வதற்குள் முடிந்துவிட்டது.

"எனக்கு எதுக்கு இனிமே பாட்டு? நீ ஒருவாட்டி கேக்கணும் சகாயம். அத வாயால சொன்னா வெளங்காது" என்றார், கார்டு வாங்கக் கிளம்பியபோது.

ஒரே கையெழுத்தில் வந்தால் செல்லாது என்று விதி. அதனால் கடை கடையாக ஏறி, அவரவர் கையாலேயே எழுத வைத்தார். யார் என்ன சொன்னாலும் அவருக்குச் சிலேட்டில் எழுதிக்காட்ட சகாயமேரியும் கூடவே போனாள்.

துணிக்கடை அப்துல் சுபான் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சிரித்தார். "ஏண்ணா, காதுல உழாத பாட்டுக்கு ஓட்டுப் போடச் சொல்றீங்களே, இது நாயமா?"

அங்கே இட்லிக் கூடையோடு நின்ற பாஞ்சாலி விடவில்லை. "போன எலெக்சன்ல நீங்க ஆளப் பாத்துட்டா பாய் குத்துனீங்க? எழுதிக் குடுங்க. எனக்கும் ஒரு கார்டு குடுண்ணா, கைநாட்டு வெக்கறன்."

கைநாட்டு வேண்டாம் என்று பிலவேந்திரன் அரைமணி நேரம் உட்கார்ந்து, ஏழும் எட்டும் எழுத பாஞ்சாலிக்குச் சொல்லிக்கொடுத்தார். எட்டு மட்டும் படுத்துக்கொண்டது. அதையும் சேர்த்து ஐம்பத்தெட்டு கார்டு.

இரண்டாவது இடம். ஒலி வற்றிப்போய் மறுபடி ஊறி வந்தது. சகாயமேரி எழுதிக் காட்டினாள். 1976.

பிலவேந்திரன் விரலால் மேலே சுட்டினார். அப்படியானால் முதலிடம் என்றது அந்த விரல். அவர் முகத்தில் நிஜமாகவே அந்த நம்பிக்கை இருந்தது. ஐம்பத்தெட்டு கார்டு போட்டவரின் நம்பிக்கை.

சகாயமேரி சிலேட்டைத் துடைத்தாள். அறிவிப்பாளர் சொல்லி முடிக்கும் முன்பே 19 என்று எழுதிவிட்டாள். அது எப்படியும் மாறப்போவதில்லை.

எண்பத்து மூன்று என்றார் அறிவிப்பாளர். எத்தனையோ ஆயிரம் ஓட்டு என்றார். எழுபத்தெட்டைப் பற்றி ஒரு பேச்சும் இல்லை.

பலப்பம் நின்றது. பிலவேந்திரன் கழுத்தை நீட்டிச் சிலேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் 78 என்று எழுதித் திருப்பினாள்.

அவர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டிருக்கும். தன் சத்தம் தெரியாதவரின் சிரிப்பு. நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். கேள், கேள் என்று பெட்டியைக் காட்டினார்.

பாட்டு தொடங்கியது. தடதடவென்று மேளம், அதன் மேல் ஒரு பெண் குரல், பின்னால் கைதட்டல். கேட்பவர்களை எழுந்து ஆடச் சொல்கிற பாட்டு.

சகாயமேரி கண்ணை மூடி, உதட்டில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டாள். அவரைப் பார்க்கத் தைரியம் இல்லை.

"எப்படி இருக்குது?"

கண்ணைத் திறந்து, அவருக்குப் புரியும்படி வாயை நிதானமாக அசைத்தாள். "நல்லா இருக்குதுங்க."

அப்போதுதான் கவனித்தாள். பிலவேந்திரனின் உள்ளங்கை பெட்டியின் மேல் பதிந்திருந்தது. மேளம் மரத்தில் அதிர்ந்துகொண்டிருந்தது.

அவர் முகத்தில் இருந்த சிரிப்பு மெல்ல இறங்கியது. கை மட்டும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தது.

பிறகு கையை எடுத்தார். அவள் கையை இழுத்துத் தன் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, உள்ளங்கையில் இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார்.

மெதுவாக மூன்று தட்டு. ஒரு நிறுத்தம். பிறகு இரண்டு, நீளமாக. மறுபடி மூன்று.

பெட்டிக்குள் மேளம் வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது.

சகாயமேரி மற்றக் கையை நீட்டி ரேடியோவை நிறுத்தினாள்.