வாப்பா அட்டை

ஃபேனுக்குக்கூட அன்று காலையில் இரண்டு அட்டை கிடைத்துவிட்டது. நிஸ்தாருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை.

கட்டாரிலிருந்து லீவில் வந்து ஒரு கிழமைக்கு மேலாகிறது. பெற்ற மகன் ஒருதரமாவது வாப்பா வேண்டும் என்று கேட்கவில்லை. பிஸ்கட்டைக் கேட்கிறான். பக்கத்து வீட்டு ஆட்டைக் கேட்கிறான். ஃபேனைக் கேட்டுக்கேட்டே களைத்துப் போகிறான். வளர்ந்த மனிசன் ஒரு ஃபேனைப் பார்த்து வயிறெரிந்துகொண்டு திரிந்தான்.

ஹில்மிக்கு ஏழு வயது. பேச்சு வரவில்லை. பள்ளிக்கூடத்தில் விசேட கல்வி வகுப்பு நடத்தும் ஸுஹைனா டீச்சர்தான் இந்த வழியைப் பழக்கிவிட்டவர். என்ன வேண்டுமோ அதன் படம் உள்ள அட்டையைப் பலகையிலிருந்து பிடுங்கி, எதிரே நிற்பவர் கையில் வைக்க வேண்டும். வைத்த உடனே கேட்டதைக் கொடுத்துவிட வேண்டும். உம்மாவும் வாப்பாவும் வீட்டில் இதைச் செய்யாவிட்டால், தான் படிப்பிப்பதெல்லாம் வீண் என்று டீச்சர் முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

மனைவி அஸீமா செய்தாள். குசினியில் அடுப்புக்கு எதிர்ச் சுவரில் பலகை மாட்டி அட்டை அட்டையாக ஒட்டினாள். நிஸ்தார் வந்திறங்கிய அன்றே அதைக் கெடுத்தான். பிள்ளை கேட்காமலே வாயில் சொக்லட்டைத் திணித்தான்.

“நீங்க இப்பிடி அள்ளிக் குடுத்தா அவன் ஏன் கேக்கப் போறான்?” என்று அஸீமா சீறினாள்.

அன்றிலிருந்து நிஸ்தார் ஒழுங்கான வாப்பா. பள்ளிவாசலுக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் குசினி வாசலில் குந்தி, உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு காத்திருந்தான்.

பலகையின் கீழ் மூலையில் அவனுடைய அட்டையும் இருந்தது. பாஸ்போர்ட் படம். பொலிசில் பிடிபட்டவன் முகம். இந்த மூஞ்சியை எவன் கேட்பான் என்று நொந்துபோய், கறுப்புக் கண்ணாடி போட்டு வாவிக்கரையில் நின்று புதுப் படமும் எடுத்து வந்தான். அஸீமா ஒட்ட விடவில்லை. பழகின படத்தை மாற்றினால் பிள்ளை குழம்பிவிடுவான் என்றாள்.

பகல் சாப்பாடு முடிந்து ஹில்மி பலகைக்கு முன்னால் வந்து நின்றான்.

தண்ணீரைத் தொட்டான். விட்டான். ஆட்டைத் தொட்டான். விட்டான். குனிந்து கீழ் மூலையில் இருந்ததைப் பிடுங்கினான்.

நிஸ்தாரின் உள்ளங்கையில் நிஸ்தாரின் முகம்.

“அஸீமா, இஞ்ச ஓடி வா புள்ள. என்னக் கேட்டுட்டான்.”

இரண்டு கையையும் அகல விரித்தான்.

ஹில்மி அந்தக் கைகளுக்கு அடியால் நுழைந்தான். வாப்பாவின் சட்டைப் பையிலிருந்து போனை உருவினான். பாயில் போய் உட்கார்ந்து, அதை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு காத்திருந்தான்.

நிஸ்தாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. அஸீமாவைப் பார்த்தான். அவள் கழுவின கோப்பையையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“இத்தின வருசமும் அந்த அட்டையத் தந்தா நான் போனத்தானே குடுத்தன்,” என்றாள். “அவன்ட வாப்பா அதுக்குள்ளதான் இரிக்காரு.”

போனைப் பிடுங்கி வாவிக்குள் எறிய வேண்டும்போல் இருந்தது நிஸ்தாருக்கு. மகனின் கண் திரையை விட்டு அசையவில்லை. இன்னும் கொஞ்சம் பிந்தினால் பிள்ளை இனி அந்த அட்டையைத் தொடவே மாட்டான்.

அஸீமாவின் போனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனான். கோழிக்கூட்டின் மறைவில் சாரனை மடித்துக் கட்டிக் குந்தினான். வீடியோ கோல் எடுத்தான். மணி ஒருதரம் அடித்து முடிவதற்குள் மகன் எடுத்துவிட்டான்.

“மகன், வாப்பா கட்டார்ல இரிந்து பேசுறன்,” என்றான் நிஸ்தார். கூட்டுக்குள் இருந்த கோழி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தது.

ஹில்மி சிரித்தான்.

சிரிப்பு முதலில் ஜன்னல் வழியாக வந்தது. போனில் கொஞ்சம் பிந்தித்தான் வந்து சேர்ந்தது.