மூன்றாம் வரிசை, ஓரத்து நாற்காலி

ஜிம்னாஸ்டிக்ஸில், ஓடி வந்து மேசையில் கை ஊன்றித் தாவும் வால்ட்டில் இரட்டைச் சுழற்சி வேண்டாம் என்று கோச் எவ்வளவோ சொன்னார். பிடிவாதமாக அதைத்தான் தேர்ந்தெடுத்தேன். பழக நான்கு வருடம் ஆனது. எங்கள் குழுவில் எனக்கு இளையவளான மெர்சிக்கு ஒரு மத்தியானம் போதுமாக இருந்தது. என் முழங்கால் போனதும், என் உடம்பு கற்றதை இயந்திரம் வைத்து அப்படியே அவள் உடம்பில் ஏற்றிவிட்டார்கள்.

“எவ்வளவு ஈஸியா வருதுக்கா!” என்றாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்கு முந்தின நாள்வரை ஒற்றைச் சுழற்சிக்கே தடுமாறியவள்!

மாநிலப் போட்டியன்று ஊன்றுகோலோடு அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவுக்கு எப்போதும் மூன்றாம் வரிசை, ஓரத்து நாற்காலிதான்.

“நீ வருத்தப்படாதடீ” என்று என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

மெர்சி ஓடி வந்தாள். அது என் ஓட்டம். விழுந்து தொலைய மாட்டாளா என்று நினைத்தேன். இரண்டு சுற்றுச் சுற்றி, மெத்தையில் ஆணி அடித்த மாதிரி இறங்கினாள்.

இறங்கியவுடன் நடுவர்களைப் பார்க்காமல் சட்டென்று எங்கள் பக்கம் திரும்பினாள். இறங்கியதும் அம்மாவைத் தேடுவது என் பழக்கம். ஏன் திரும்பினோம் என்று அவளுக்கே தெரியவில்லை, திருதிருவென விழித்தாள்.

அம்மா என் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

“என் ராசாத்தி!” என்று இரு கைகளையும் உயர்த்திக் கத்தினாள்.