உயிருள்ள சாமான்

திருகோணமலை மீன் சந்தையில் அன்று காலை கீர்த்தனியின் சின்னப் பெட்டிக்குத்தான் மரியாதை.

உள்ளே விரல்நகம் அளவு சிப். அதன்மேல் உயிருள்ள கலங்கள். மீன் கழுவிய தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் போதும். கெடாமலிருக்க மருந்தடித்த மீனென்றால் கலங்கள் வாடும், சிப் கண்டுபிடித்துச் சிவப்பு லைட் போடும். நல்ல மீனென்றால் பச்சை.

சுகாதாரப் பரிசோதகர் சிவரூபன் பார்த்து ஓம் என்றால்தான் அவளுடைய ஆராய்ச்சி கரைசேரும்.

கிண்ணியாவிலிருந்து வந்து மீன் விற்கும் தாஹிர் நானா மட்டும் முணுமுணுத்தார்.

"ஐஸ் லொறி வரல்லயெண்டு நாங்க அந்தரப்படுறம். இதுக்குள்ள சோதினை வேற."

"ஏன் நானா, பயமோ?"

"எனக்கென்ன பயம் தங்கச்சி?"

பரிசோதகரைக் கூட்டிவரக் கிளம்பியவள், பெட்டியைத் தாஹிர் நானாவிடமே கொடுத்தாள்.

"கவனம் நானா. உள்ளுக்க உயிருள்ள சாமான். பழுதாகிடும்."

"நீங்க போய்ட்டு வாங்க. நான் பாத்துக்கிறன்."

அவள் பரிசோதகரோடு திரும்பி வந்ததும், தாஹிர் நானா பெட்டியைக் கொண்டுவந்து வைக்க, சோதனை தொடங்கியது. முதல் கடைக்காரர் நிப்றாஸின் பாரைமீன், சிவப்பு. பக்கத்துக் கடைச் சூரை, அதுவும் சிவப்பு. சந்தேகப்பட்ட சிவரூபன் தன் குடிதண்ணீர்ப் போத்தலிலிருந்து ஒரு சொட்டு விட்டார். சிவப்பு.

"அப்ப நான் குடிக்கிறதும் மருந்தோ?"

சந்தையே சிரித்தது. கீர்த்தனிக்கு அழுகை முட்டியது. பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள். விறைத்துக் கிடந்தது.

"ஆர் இதை ஐசுக்க வைச்சது?"

"நான்தான்," என்றார் தாஹிர் நானா, பாராட்டை எதிர்பார்ப்பவர் போல.

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"உடம்புச் சூட்டில இருக்கவேண்டிய கலங்கள். எல்லாம் செத்துப்போச்சு. உங்கட கள்ளம் பிடிபட்டிடுமெண்டு வேணுமெண்டுதானே செய்தனீங்கள்?"

தாஹிர் நானாவின் முகம் தொங்கிப்போனது.

சிவரூபன் அவருடைய கடையைப் பார்த்தார். மற்றவர்கள் மிச்சமிருந்த ஐஸைப் பொத்திப் பொத்தி வைத்திருக்க, இவருடைய மீன்கள் மட்டும் ஒரு துண்டு ஐஸ்கூட இல்லாமல் வெயிலில் கிடந்தன. இலையான் மொய்த்தது.

"உம்மட ஐஸ் எங்க?"

"கிடந்தது ஒரு கூடைதான் சேர். தங்கச்சிட பெட்டிக்குப் போட்டுட்டன்."

"மீனுக்குப் போடாமலோ?"

தாஹிர் நானா தலையைச் சொறிந்தார்.

"மீன் செத்ததுதானே சேர். தங்கச்சிட சாமானுக்குத்தானே உயிர் இருந்தது."