தேய்த்த விரல்

பதுளை அரசாங்கக் கந்தோரின் தகரக் கூரையில் மழை இரைகிறது. பிரஜாவுரிமை மனுவில் அழகாயியின் இடது பெருவிரலை மூன்றாம் முறையாக அழுத்தி எடுக்கிறார் கிளாக்கர் தர்மராசா. மறுபடியும் வெறும் கறுப்புப் பொட்டுத்தான். பூதக்கண்ணாடியை அதன்மேல் பிடிக்கிறார். "சுழியும் இல்லை, வளையமும் இல்லை, வில்லும் இல்லை. ஒரு வரி கூட விழேல்லையே. விரலுக்கு என்ன செய்தனீ?" அழகாயி வலது கையை முந்தானைக்குள் மறைக்கிறாள். பின்னால் நிற்கும் புருஷன் மாரிசாமி சொல்கிறான். "தேயிலைக் கொழுந்துக் கறைங்க. தொரமாரு முன்னாடி கறுப்புக் கையோட எப்படி வர்றதுன்னு, விடியக்காலையில செங்கல்ல வச்சுத் தேய்ச்சுட்டா இவ. நான் சொன்னா கேக்குறாளா?" தர்மராசா சுவர்க் கலண்டரைப் பார்க்கிறார். "இண்டைக்குக் கடைசி நாள். ரேகை இல்லாமல் மனுவை எடுக்கேலாது." மனு போகாவிட்டால் இந்தியாவுக்குக் கப்பல்தான் என்று தோட்டத்து லயத்தில் சொல்கிறார்கள். பக்கத்துப் பசறையில் பிறந்த அழகாயி கடலையே பார்த்ததில்லை. "சரி, வலது கையைத் தா, பாப்பம்." மைத்தட்டு அவள் பக்கம் நகர்ந்து வருகிறது. அழகாயி வலது கையை முந்தானைக்குள் இன்னும் ஆழமாக இழுத்துக்கொள்கிறாள். கறை அதிகம் என்று அதைத்தான் இரண்டு மடங்கு தேய்த்தாள்.