ஆரத்தித் தண்ணீர்

கல்யாணமான மறுமாதம் பூவிழியும் குருவும் அந்தமானுக்குப் போய், பாய்மரப் படகில் நான்கு நாள் தீவு தீவாகச் சுற்றினார்கள். படகு ஆடினால் குருவுக்கு வயிற்றைக் கலக்கும். பூவிழி அவன் கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மூன்றாவது தீவில், அவள் வேலைக்குப் போவதைப் பற்றி மறுபடியும் சண்டை வந்தது. கடைசித் தீவில், "போய் எளநி வாங்கிட்டு வா," என்றான். இரண்டு இளநீரோடு அவள் திரும்பியபோது படகு போயிருந்தது. அவன் போனை எடுக்கவில்லை.

தன்னைக் காணாமல் தவித்துக்கொண்டிருப்பான் என்று நம்பித்தான், இரண்டு நாள் கழித்துப் பாலக்கோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினாள். வீட்டு வாசலில் ஆரத்தி கொட்டிய சிவப்பு காய்ந்து கிடந்தது. ஜோடியாக வருபவர்களுக்குத்தான் மாமியார் கோவிந்தம்மாள் ஆரத்தி சுற்றுவாள்.

கோவிந்தம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். திரும்பி, அடுக்களையை ஒருமுறை பார்த்தாள்.

"யாருங்க வேணும்?"

"அத்தை, நான் பூவிழி."

"நல்லாருக்குதே கூத்து! எம்மருமவ நேத்தே வந்துட்டா. உள்ள தக்காளி அரியறா."

குரு வெளியே வந்து குரலைத் தாழ்த்தினான். "போயிரு பூவிழி. அவ எதுத்து ஒரு வார்த்த பேசமாட்டா."

அவன் பின்னால் பூவிழியின் சேலையில், பூவிழியின் முகத்தோடு ஒருத்தி வாசலுக்கு வந்தாள். அவள் கூந்தலிலிருந்து இன்னும் கடல் தண்ணீர் சொட்டியது. வாசலில் காய்ந்திருந்த சிவப்பு மறுபடியும் கரைந்தது.